ஆபீசில் வெப் ஆக்சிலரேட்டர் பெட்டி மாட்டினால் நெட் வேகமாகுமா?

நாகர்கோவிலில் 20 கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸ், நெட் இழுக்கிறது, ஆக்சிலரேட்டர் பெட்டி மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பேன். ஒரு காலத்தில் மாட்டிப் பட்டவன் நான்.

2012-ல் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் வியாபார ஆபீஸ். 18 கம்ப்யூட்டருக்கு 2 எம்பிபிஎஸ் லைன். 100 எம்பி ஆண்டிவைரஸ் அப்டேட் இறங்க ஏழு நிமிடம் ஆகும். பதினெட்டும் தனித்தனியாக இறக்கினால் இரண்டு மணி நேரம் லைன் அடைபட்டுக் கிடக்கும். ஒரு தடவை இறக்கியதை வைத்துக்கொண்டு மற்ற பதினேழுக்கும் கொடுப்பதுதான் பெட்டியின் வேலை. உள்ளே லினக்ஸ், இறக்கியதைச் சேமித்துக் கொடுக்கும் ஸ்க்விட் என்ற சாஃப்ட்வேர், ஒரு ஹார்ட் டிஸ்க், அவ்வளவுதான்.

ரவுட்டருக்கும், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் நடுவில் மாட்டினேன். முதல் நாள் ஒரு வித்தியாசமும் இல்லை. தேடிப் பார்த்தால், 4 எம்பிக்கு மேல் உள்ள ஃபைலை ஸ்க்விட் தானாகச் சேமிக்காதாம். அந்த அளவை 512 எம்பி ஆக்கியதும் காலை நெரிசல் போயே போய்விட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? பக்கங்கள் காலாவதி ஆனாலும் பழசையே கொடு என்று ஒரு வரி சேர்த்து வைத்தேன். மூன்றாம் நாள் முதலாளி போனில் வந்தார்: "என்னடே, நேத்தைக்க ரேட்டல்லா காட்டுது?" ரப்பர் ஷீட் கட்டோடு விற்க வந்தவர் ரப்பர் சந்தை உள்ள கோட்டயத்துக்குப் போன் போட்டு அன்றைய விலையைக் கேட்டுவிட்டு நிற்கிறார். நம் ஸ்கிரீனில் முந்தின நாள் விலை. சண்டையாகிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது.

ஐப்பசி இடியில் பெட்டியின் அடாப்டர் போனது இன்னொரு கூத்து. கரண்ட் போனால் இரண்டு போர்ட்டையும் நேராகச் சேர்த்துவிடும் பைபாஸ் வசதி அதில் கிடையாது. மொத்த ஆபீசுக்கும் நெட் இல்லை. "ரவுட்டர்ல இருந்து வர்ற நீலக் கேபிளைப் புடுங்கி நேரா சுவிட்சுல குத்துங்க அண்ணே" என்று போனிலேயே சொல்லிச் சரிசெய்தேன்.

இப்போது கதையே வேறு. சாதாரண எச்டிடிபி தளங்களை 2018 ஜூலையில் இருந்து குரோமே 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. ஏறக்குறைய எல்லாத் தளமும், நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்சுக்குப் போய்விட்டது. ஒட்டிய கவரை வைத்துக்கொண்டு பெட்டி என்ன செய்யும்? பிரித்துப் பார்க்க ஒவ்வொரு மிஷினிலும் தனிச் சான்றிதழ் ஏற்ற வேண்டும். பேங்க் வேலை நடக்கும் ஆபீசில் அந்த வம்பு வேண்டாம்.

முதலில் ரவுட்டருக்குள் போய் லைனைத் தின்பது யார் என்று பாருங்கள். நான் பார்த்தவரை பாதி இடங்களில் கிளவுடுக்கு ஏறும் கேமரா அல்லது யாரோ ஒருவரின் போட்டோ பேக்கப்தான். அப்லோட் நிரம்பினால் டவுன்லோடும் நொண்டும். அதற்கு ஒரு வரம்பு வையுங்கள். அப்டேட்டை ஒரு மிஷினிடமிருந்து இன்னொன்று வாங்கிக்கொள்ளும் வசதி விண்டோஸ் 10-லேயே இருக்கிறது, டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற பெயரில். அது ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

அப்படியும் விற்பவர் விடவில்லையா? ஒரு வாரம் டெமோ கேளுங்கள். கேட்டதில் எத்தனை பங்கைப் பெட்டியே கொடுத்தது என்ற ஹிட் ரேஷியோவை ரிக்வெஸ்ட் கணக்கில், அதாவது எத்தனை தடவை என்று காட்டுவார். சின்னச் சின்னப் படங்களாலேயே அது உயர்ந்துவிடும். பைட் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். அப்படியே பைபாஸ் போர்ட் உண்டா என்றும்.