கேள்வி பதில்: நாளும் நிழலும் ஓட்டும்

தை முதல் நாளில்தான் உத்தராயணம் தொடங்குகிறது என்று மகளின் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். டிசம்பரிலேயே சூரியன் வடக்கே திரும்பிவிடும் என்கிறாள் அவள். எது சரி?

உங்கள் மகள் சொல்வதுதான் சரி. சூரியன் தெற்கே தன் கடைசி எல்லையைத் தொடுவது டிசம்பர் 21 அல்லது 22. தை பிறக்கும்போது அது திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது.

பஞ்சாங்கம் கணிப்பது சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரத்தை. ராசிகள் விண்மீன்களை வைத்து வகுக்கப்பட்டவை. பருவங்களோ பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் வருபவை. அந்த அச்சு, வேகம் குறைந்த பம்பரத்தின் தலை மாதிரி மெல்லச் சுழல்கிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டு பிடிக்கும். இதனால் விண்மீன் ஆண்டு 365 நாள் 6 மணி 9 நிமிடமாகவும், பருவ ஆண்டு 365 நாள் 5 மணி 49 நிமிடமாகவும் இருக்கின்றன. ஆண்டுக்கு 20 நிமிட வித்தியாசம், 71 ஆண்டில் ஒரு நாளாகச் சேர்ந்துவிடும். கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகர சங்கராந்தியும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன. இன்று இரண்டுக்கும் நடுவே 24 நாள். விவேகானந்தர் 1863-இல் மகர சங்கராந்தி அன்று பிறந்தார். அவருடைய பிறந்த நாள் ஜனவரி 12. இப்போது அதே சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது. இப்படியே விட்டால் இன்னும் சுமார் 1,250 ஆண்டில் பொங்கல் பிப்ரவரிக்குப் போய்விடும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்கிறோமே, மழை பருவ ஆண்டைப் பார்த்து வருகிறது, ஆடி விண்மீன் ஆண்டைப் பார்த்து வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆடி மாதம் பருவத்தோடு ஒப்பிட்டால் இரண்டு வாரம் முன்னதாகவே பிறந்தது.

குறிப்பேட்டோடு வாதாட வேண்டாம், மொட்டை மாடியில் ஒரு குச்சி நட்டு மகளையே அளக்கச் சொல்லுங்கள். தரைக்கு மேல் சரியாக 1 மீட்டர் நிற்க வேண்டும். டிசம்பர் 21 அன்று சென்னையில் உச்சிவேளை நிழல் 74 செ.மீ. இருக்கும். ஜனவரி 14 அன்று அது 68, 69 செ.மீ.க்குச் சுருங்கியிருக்கும். மதுரையில் 66-இலிருந்து 60, 61-க்கு இறங்கும். தை பிறப்பதற்கு முன்பே சூரியன் திரும்பிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்தச் சோதனை மூன்று இடத்தில் சொதப்பும். முதலாவது, குச்சியின் சாய்வு. வடக்கு தெற்காக 2 டிகிரி சாய்ந்தாலே நிழல் முனை 3.5 செ.மீ. தள்ளிப்போகும், நீங்கள் தேடும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் அதிலேயே தொலைந்துவிடும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் பாருங்கள். தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்த தளமாக இருந்தால் பலகை ஒன்றை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து அதன்மேல் அளக்க வேண்டும். இரண்டாவது, கடிகார 12 மணியை உச்சிவேளை என்று நினைப்பது. சென்னையில் உச்சி டிசம்பர் 21-இல் 12.07 வாக்கிலும் ஜனவரி 14-இல் 12.18 வாக்கிலும் வரும். 11.55 முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, ஆகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நிழல் முனையின் மங்கல். சூரியன் புள்ளி அல்ல, வட்டு; அதனால் முனை 1 செ.மீ.க்கு மேல் கலங்கித் தெரியும். குச்சி உச்சியில் ஊசித்துளை போட்ட அட்டையைத் துளை 1 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி ஒட்டினால் நிழலுக்கு நடுவே சின்ன ஒளிவட்டம் விழும். அதன் மையம்தான் உங்கள் அளவு.

பொங்கலைத் தை முதல் நாளிலேயே கொண்டாடுவோம். அது அறுவடைத் திருநாள், வானியல் அதற்குத் தடை சொல்லவில்லை. ஆனால் ‘இன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறது’ என்று பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுப்பதை நிறுத்தியாக வேண்டும். வானியற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இந்தப் பிசகை எடுத்துச் சொல்லி எழுபது ஆண்டு ஆகிவிட்டது. அதன் பரிந்துரைப்படிதான் 1957 மார்ச் 22-இல், பருவ ஆண்டைப் பின்பற்றும் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழ் போன்ற அரசு ஆவணங்களில் தேதியாக அச்சாவதோடு அது நின்றுபோனது வருத்தத்துக்குரியது.

ஆனி மாதத்துக்கு 32 நாள் வருகிறது, மார்கழிக்கு 29 தான். பஞ்சாங்கக்காரர்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டதா?

இல்லை, இது அருமையான கணக்கு. சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலமே தமிழ் மாதம். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே, 14.7 கோடி கி.மீ.யில், விநாடிக்கு 30.3 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி கி.மீ. தொலைவில் 29.3 கி.மீ.யாகத் தளர்கிறது. அதனால் மார்கழி ஏறத்தாழ 29.4 நாளில் முடிகிறது, ஆனிக்கு ஏறத்தாழ 31.5 நாள் தேவைப்படுகிறது. சங்கராந்தி சூரிய அஸ்தமனத்துக்கு முன் நிகழ்ந்தால் அன்றே முதல் தேதி, பின்னால் நிகழ்ந்தால் மறுநாள். பொங்கல் சில ஆண்டுகளில் 15-ஆம் தேதிக்குத் தள்ளிப்போவது இந்த விதியால்தான்.

‘இந்த ஆகஸ்டில் ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு, 823 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், பத்துப் பேருக்கு அனுப்பினால் பணம் சேரும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பொய். 31 நாள் மாதம் எதுவானாலும் வெள்ளியன்று தொடங்கினால் இந்த மூன்று கிழமைகளும் ஐந்து முறை வரும். ஆகஸ்ட் அப்படித் தொடங்கியது 2008, 2014, 2025 ஆண்டுகளில், அடுத்து 2031. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஆங்கில நாட்காட்டியின் 400 ஆண்டில் 1,46,097 நாள். அது 7-ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே 400 ஆண்டில் எல்லாத் தேதியும் அதே கிழமைக்குத் திரும்பிவிடுகின்றன. 823 ஆண்டு இடைவெளி என்பதற்கு இடமே கிடையாது. அனுப்பியவருக்கு இந்தக் கணக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

நோட்டாவுக்கு ஓட்டுப் போட்டால் ஏதாவது பயன் உண்டா?

மனநிறைவு உண்டு, சட்டப்படி பலன் இல்லை. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் நோட்டா வந்தது. அதற்கு முன் யாருக்கும் ஓட்டில்லை என்றால் தேர்தல் நடத்தும் விதிகளின் 49-ஓ (49-O) விதிப்படி அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ரகசியம் அங்கேயே போய்விடும். ரகசியத்தைக் காத்ததுதான் நோட்டாவின் நிஜமான சாதனை.

ஆனால் நோட்டா 1,000, முதல் வேட்பாளர் 999 என்றாலும் அந்த 999 தான் ஜெயிக்கும். டெபாசிட்டைக் காப்பாற்றத் தேவையான ஆறில் ஒரு பங்கைக் கணக்கிடும்போதும் நோட்டாவைச் சேர்க்க மாட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூரில் நோட்டா 2 லட்சத்துக்கு மேல் வாங்கி இரண்டாம் இடத்தில் நின்றது. முடிவில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. உள்ளாட்சித் தேர்தல்களில் நோட்டா முந்தினால் மறுதேர்தல் என்று மகாராஷ்டிர, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018-இல் விதி செய்தன. அந்த விதி சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, இருப்பவர்களில் யார் வரவே கூடாது என்று நினைக்கிறீர்களோ அவரைத் தோற்கடிக்க வாய்ப்புள்ளவருக்குப் போடுவதே பலன் தரும் ஓட்டு.

வாக்குச்சாவடிக்குப் போனால் என் பெயரில் ஏற்கெனவே யாரோ ஓட்டுப் போட்டுவிட்டார். திரும்பி வருவதைத் தவிர வழி உண்டா?

திரும்பவே கூடாது. தலைமை வாக்குச்சாவடி அலுவலரிடம் நேராகப் போய், ‘49பி (49P) விதிப்படி டெண்டர் ஓட்டு கொடுங்கள்’ என்று கேளுங்கள். ஆய்வுக்குரிய வாக்கு என்பது அதன் அலுவல் பெயர். வாக்காளர் அட்டையோ ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்ற அனுமதிக்கப்பட்ட ஆவணமோ கையில் இருக்கட்டும். பூத் சிலிப்பை மட்டும் காட்டினால் ஏற்க மாட்டார்கள். அவர் உங்களிடம் சில கேள்விகள் கேட்பார். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று திருப்தியானால் படிவம் 17-பி-யில் (17B) கையெழுத்து வாங்கிக்கொண்டு காகித வாக்குச்சீட்டைத் தருவார். இயந்திரத்தில் பட்டன் அழுத்த விட மாட்டார்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம். மறைவிடத்தில் முத்திரை குத்தி, மடித்து, அவரிடமே கொடுங்கள். அது தனி உறைக்குள் போகும்.

அந்த உறையை வாக்கு எண்ணும் நாளில் பிரிக்க மாட்டார்கள். முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் கேட்டால்தான் அது வெளியே வரும். பிறகு எதற்கு என்கிறீர்களா? 2008-இல் ராஜஸ்தானின் நாத்வாரா சட்டமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டெண்டர் ஓட்டுகள்தான் அங்கே பேசுபொருளாயின. உங்கள் பெயரில் நடந்த திருட்டுக்கு அரசுப் பதிவேட்டில் இருக்கும் தடயம் அந்தச் சீட்டுதான்.

ஓட்டு மையைச் சோப்போ எலுமிச்சையோ போட்டு அழிக்க முடியுமா?

காய்ந்த பிறகு முடியாது. அதில் இருக்கும் வெள்ளி நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகிறது. வெளிச்சம் பட்டதும் கறுத்துத் தோலிலேயே ஒட்டிக்கொள்கிறது. தோல் செல்கள் உதிரும்போது தோலில் உள்ள கறை போகும். நகக்கறை, நகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளர்ந்து வெட்டுப்படும் வரை நிற்கும். பலவீனமான கணம் ஒன்றுதான்: விரலில் எண்ணெய் இருந்தாலோ, ஈரம் காயுமுன் துடைத்தாலோ மை சரியாகப் பிடிக்காது. அதனால்தான் முதலில் விரலைத் துணியால் துடைக்கிறார்கள், இயந்திரத்தை இயக்கும் அலுவலர் மறுபடி விரலைப் பார்க்கிறார். கர்நாடக அரசின் மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம் 1962 தேர்தலிலிருந்து இதைத் தயாரித்துத் தருகிறது.