மே மாதக் காவிரியில் மீன் கடிக்காதது ஏன்?

வணக்கம். கொடுமுடிக்கு அருகே காவிரியில் காலை ஒன்பது மணி முதல் நண்பகல் வரை மைதா உருண்டையுடன் காத்திருந்தும், பொடிக் கெண்டைகள் இரையைக் கொறித்துவிட்டுப் போவதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குறை இரையில் இல்லை, நேரத்திலும் இடத்திலும்தான் என்று கருதுகிறேன்.

மேட்டூரிலிருந்து பாசனத் தண்ணீர் ஜூன் 12 அன்று திறக்கப்படுவதே மரபு என்பதால், மே மாதத்தில் ஆறு பாறைகளுக்கிடையே மெலிந்து ஓடி, வெயிலில் எளிதில் சூடேறிவிடுகிறது. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் நீர், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். வெயில் ஏறியதும் பெரிய மீன்கள் மடுவுக்குள் இறங்கிவிடுவது இதனால்தான்.

பொழுது விடியும்போதே சென்று, ஓடும் நீர் மடுவில் விழுந்து நுரை கலையும் விளிம்பைத் தேர்ந்து, மண்புழு தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி மிதவையை ஏற்றிக் கட்டுங்கள். மிதவை படபடவென்று துடித்தால் பொடிமீன். சாய்ந்து, மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தால் உடனே சுண்டி இழுக்கலாம். கோடை மழையில் நீர் கலங்கிய மாலை கெளுத்திக்கு மிக ஏற்றது (கொசுவுக்கும்தான்). நடு ஆற்றுப் பாறையில் மட்டும் உட்காராதீர்கள். மேலே கதவணையைத் திறந்தால் தண்ணீர் ஓசையின்றி ஏறிவிடும்.