வேலைக்குப் போகும் வாசலில்: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த என் தம்பி ஓசூரில் இரண்டு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போய்வந்தான். எழுத்துத் தேர்வில் தேறிவிடுகிறான். கையில் வெர்னியரை (தாடைகளால் பாகத்தைக் கவ்வி நுண்ணளவு எடுக்கும் கருவி) கொடுத்ததும் தடுமாறுகிறான். எப்படித் தயார் செய்வது?
– வாசகி, பாலக்கோடு

தடுமாறுகிற பலருக்குச் சூத்திரம் தெரியும், கைதான் பழகியிருக்காது. எதிரே இருப்பவர் விடையைவிட உங்கள் தம்பியின் கை போகும் விதத்தையே கவனிப்பார். பாகத்தையும் தாடைகளையும் துடைத்த பிறகு தாடைகளை மூடி, சுழிப் பிழை இருக்கிறதா, அதாவது மூடிய நிலையில் அளவு சுழியில் (0) நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் அளக்கத் தொடங்க வேண்டும். இதைச் செய்யாமல் நேராகப் பாகத்தைக் கவ்வினால் அங்கேயே மதிப்பெண் குறையும்.

ஏன் அவ்வளவு கண்டிப்பு என்பதை ஓர் அளவை வைத்தே சொல்கிறோம். 0.02 மி.மீ. வரை அளக்கும் வெர்னியரில் மெயின் ஸ்கேல் 23, வெர்னியரின் 14-வது கோடு நேர்படுகிறது. 14 × 0.02 = 0.28, ஆக 23.28 மி.மீ. டிராயிங்கில் 23.20 ± 0.05 என்று இருந்தால் 23.25-க்கு மேல் போன பாகம் ரிஜெக்ட். ஆனால் தாடைகளை மூடியபோது வெர்னியரின் சுழி 0.04 வலப்பக்கம் தள்ளி நின்றிருந்தால் அதைக் கழிக்க வேண்டும். சரியான அளவு 23.24, பாகம் நல்லது. சுழி பார்க்காதவர் நல்ல பாகத்தைக் குப்பையில் போட்டுவிடுவார்.

மைக்ரோமீட்டர் (திருகி அளக்கும் நுண்ணளவுக் கருவி) கொடுத்தால் கடைசித் திருகலை அதன் முனையில் அழுத்தம் மிஞ்சாமல் வழுக்கிவிடும் ராட்செட் குமிழில்தான் செய்ய வேண்டும். சுழலும் உருளையான திம்பிளைப் பிடித்து இறுக்கினால் அளவு குறைத்துக் காட்டும்.

அடுத்து, ‘அளவு தாண்டிய பாகம் கிடைத்தால் என்ன செய்வீங்க?’ என்று கேட்பார்கள். ‘நானே சரி பண்ணிடுவேன்’ என்பது ஆர்வமான பதில், ஆனால் தவறானது. மெஷினை நிறுத்தி, அந்தப் பாகத்துக்கு டேக் போட்டுத் தனியாக வைத்து, சூபர்வைசரிடம் சொல்லி, கடைசியாகச் சரியாக இருந்த பாகத்துக்குப் பிறகு ஓடியவை எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைச் சொல்பவர்கள் குறைவு, சொல்பவரைக் குறித்துக்கொள்வார்கள். படித்த பாலிடெக்னிக் லேபிலோ, தெரிந்த லேத் பட்டறையிலோ கேட்டு, தம்பியை ஒரு வாரம் தினமும் அளந்து பழகச் சொல்லுங்கள்.

‘மாசம் 17,500’ என்று இன்டர்வியூவில் சொன்னார்கள். சேர்ந்த நண்பனுக்குக் கைக்கு 13,000 சொச்சம்தான் வருகிறது. ஏமாற்று வேலையா?
– வாசகர், ஊத்தங்கரை

பெரும்பாலும் ஏமாற்று இல்லை, முழுதாக விளக்காமல் விட்டதுதான். அவர்கள் சொன்னது சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 12,000, வீட்டு வாடகைப்படி 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சம்பளம் 15,000. இதில் பேசிக்கில் 12 சதவீதமாக பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,440 போகும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், சுமார் 113 ரூபாய். மிச்சம் 13,447. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமாக 488, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்கும் 577 எல்லாம் அந்த 15,000-உடன் சேர்ந்துதான் 17,505 என்று காட்டுகிறது. கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் கைக்கு வருவது இன்னும் குறையும்.

எனவே ‘சம்பளம் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். ‘பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு எவ்வளவு சார்? நான் யார் ரோலில் வருவேன், கம்பெனியா கான்ட்ராக்டரா?’ என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அந்த இடத்தைப் பற்றி அதுவே ஒரு தகவல். கம்பெனி பஸ் எந்த ஸ்டாப் வரை வருகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கம்பெனி ஓசூரில் இருந்து, காலை ஷிப்ட் 6 மணிக்குத் தொடங்கினால், ஊத்தங்கரையிலிருந்து தினமும் போய்வருவது நடக்காது. ஓசூரில் அறை எடுத்தால் வாடகையையும் அந்த 13,447-இல்தான் கழிக்க வேண்டும்.

அப்ரன்டிஸாக (தொழில் பழகுநராக) எடுத்தால் பிறகு நிரந்தரம் ஆக்குவார்களா?
– வாசகர், அரூர்

ஆக்கியே தீர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டம் கம்பெனியைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தச் சட்டப்படி வருபவருக்குக் கிடைப்பது உதவித்தொகை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை. ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் தவறாமல் பாருங்கள். பதிவில்லாத ‘டிரெயினி’யாகச் சேர்ந்தால், முடித்ததற்கான சான்றிதழ் உங்கள் கைக்கு வராது.

மகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை என்று ஒருவர் போனில் பேசுகிறார். மெடிக்கலுக்கும் யூனிஃபார்முக்கும் சேர்த்து 3,500 ரூபாய் முன்பணமாக அனுப்பச் சொல்கிறார். ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறார். அனுப்பலாமா?
– ஒரு தாய், பென்னாகரம்

அனுப்பாதீர்கள், அம்மா. இன்டர்வியூவே நடக்காமல் பணம் கேட்பவரிடம் வேலை கிடையாது. ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கிப் பிடிக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

ஒரிஜினலைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. நகல் செட் ஒன்றைக் கொடுத்து, ஒரிஜினலை எண்ணி வாங்கிக்கொண்டுதான் மகள் வெளியே வர வேண்டும். சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்று இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். பிறகு பி.எஃப். கணக்கில் பெயர் பொருந்தாமல் பணம் எடுக்கும்போது சிக்கும்.

உண்மையான மெடிக்கலில் பார்வை, நிறம் பிரித்தறிதல், ரத்த அழுத்தம், எடை பார்ப்பார்கள். ஒயர் நிறத்தை மாற்றிப் பொருத்தினால் போர்டு கெட்டுவிடும் என்பதால் நிறப் பரிசோதனையில் கறாராக இருப்பார்கள். மகள் கண்ணாடி போடுபவர் என்றால் அதை மறைக்காமல் போட்டுக்கொண்டே போகட்டும். காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறி, வரிசையில் நின்று, மயக்கம் வந்து மெடிக்கலில் விழுகிற பெண்கள் உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டுமா என்று முதல் நாளே கேட்டு, வேண்டாம் என்றால் வயிறாரச் சாப்பிட வைத்து அனுப்புங்கள்.