வாசகர் கேள்வி – பதில்: திரைக்கு வந்த மேடை

மேடை இசை நாடகங்களைப் பதிவாகப் பார்ப்பது குறித்து முன்பு ஒரு பதிலில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 'ஹாமில்டன்' இசை நாடகத்தின் பதிவை வீட்டில் நான்கு முறை பார்த்துவிட்டேன், பாடல்கள் மனப்பாடம். என்னுடன் பணிபுரியும் தோழியோ, "நீ பார்த்தது நாடகமே இல்லை, வெறும் படம்" என்கிறார். இப்போது அதை மேடையில் பார்க்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்கு இவ்வளவு செலவழித்துப் போகத்தான் வேண்டுமா?

பதில்: போய் வாருங்கள். உங்கள் தோழி சொன்னதில் ஒரு பாதியை மட்டும் நான் ஏற்கிறேன்.

அந்தப் பதிவு உருவான விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூன் மாதத்தில், நியூயார்க்கின் ரிச்சர்ட் ராஜர்ஸ் அரங்கில், நாடகத்தின் இயக்குநரான தாமஸ் கேல் தாமே அதைப் படமாக்கினார். அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனின் வாழ்க்கையைச் சொல்லும் அந்த நாடகத்தை எழுதி, இசையமைத்து, தலைமைப் பாத்திரத்தையும் ஏற்றிருந்த லின்-மானுவல் மிராண்டா அடுத்த மாதமே அந்தக் குழுவிலிருந்து விடைபெறவிருந்தார்; முதல் குழு கலைவதற்குள் அவர்களைப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்பதே நோக்கம். பார்வையாளர்கள் நிறைந்திருந்த இரண்டு நிகழ்வுகளில் கேமராக்கள் ஓடின. அவை போக, அரங்கு காலியாக இருந்த நேரத்தில் சில பாடல்களை மீண்டும் நடிக்கச் செய்து, கேமராவை மேடைமீதே கொண்டுசென்று எடுத்தார்கள். ஆகவே நீங்கள் திரையில் கண்ட நிகழ்வு, அப்படியே முழுதாக எந்த ஒரு மாலையிலும் நடந்ததில்லை. நடந்தவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துக் கோத்தது அது. நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகள் எல்லாம் பெருந்தொற்றால் மூடிக் கிடந்த 2020-ஆம் ஆண்டில், ஜூலை 3 அன்று அது டிஸ்னி பிளஸ் இணையத் திரைச் சேவையில் வெளியானபோது, அந்த அரங்குக்குள் ஒருநாளும் நுழைந்திருக்க முடியாத எத்தனையோ பேர் அதைக் கண்டார்கள். அதை வெறும் படம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பதிவு உங்களுக்குத் தந்தவை முகங்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னராக வரும் ஜோனதன் கிராஃப் பாடும்போது அவர் வாயிலிருந்து தெறிக்கும் எச்சில்கூடத் திரையில் தெரிகிறது. கடைசிக் கணத்தில் ஹாமில்டனின் மனைவி எலைசாவாக நடிக்கும் பிலிப்பா சூ திகைத்து மூச்சை இழுக்கும்போது, அந்த முகத்தில் ஒரு வாழ்நாள் கடந்து போவதை நாம் பார்க்கிறோம். பின்வரிசையில் அமர்ந்தவருக்கு இவற்றில் முதலாவது தெரியவே தெரியாது. இரண்டாவது, தொலைவில் ஓர் உருவம் தலைநிமிர்ந்தது என்ற அளவில் மட்டுமே தெரியும்.

ஆனால் முகத்தைக் காட்டும் ஒவ்வொரு நொடியிலும் கேமரா மேடையின் மீதிப் பகுதியை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்த நாடகத்தில் அந்த இழப்பு சிறியதன்று. குழு நடனத்தில் இருக்கும் ஒரு பெண்ணை ரசிகர்கள் 'தோட்டா' என்றே அழைக்கிறார்கள். பதிவில் அந்த இடத்தில் ஆடுபவர் அரியானா டிபோஸ். இறுதித் துப்பாக்கிச் சண்டையில், சுடப்பட்ட குண்டைத் தம் கைவிரல்களில் ஏந்தியபடி ஹாமில்டனை நோக்கி மெல்ல நகர்பவர் அவர்தான். அதற்கு வெகுமுன்பே, சாகவிருக்கும் பாத்திரங்களின் அருகில் அவர் ஒருமுறை வந்துபோகிறார். மேடைக்கு எதிரில் இருப்பவர், தலைமை நடிகர்களை விட்டுவிட்டு, அந்த மாலை முழுவதும் அந்த ஒருவரை மட்டுமே பின்தொடர்ந்து, மரணத்தின் பாதையை அடிமாறாமல் பார்த்துவிட முடியும். பதிவைப் பார்ப்பவருக்கு அந்த உரிமை இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதைப் படத்தொகுப்பாளர் அவருக்காக முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கிறார்.

ஹாமில்டன்–எலைசா திருமண விருந்துக் காட்சியையும் நினைத்துப் பாருங்கள். மணப்பெண்ணின் அக்கா ஆஞ்செலிக்கா வாழ்த்துரை சொல்ல எழுகிறார். சட்டென்று காலம் பின்னோக்கி ஓடி, அவர்கள் ஹாமில்டனை முதன்முதலில் சந்தித்த இரவுக்குத் திரும்பி, அதே இரவு அக்காவின் கண்வழியே மீண்டும் நிகழ்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரண்டு சுழல்மேடைகளும், அவற்றின்மேல் இருக்கும் ஒவ்வொரு நடனக் கலைஞரும் சேர்ந்து பின்னோக்கிச் செல்வதை ஒரே பார்வையில் காணும்போது ஏற்படும் தலைசுற்றல்தான் அந்தப் பாட்டின் பொருள். வெட்டி வெட்டிக் காட்டும்போது காலம் திரும்பியது என்ற செய்தி புரிகிறது. அந்தத் தலைசுற்றல் மட்டும் வருவதில்லை.

செலவைப் பற்றி ஒரு யோசனை. முகங்களை நீங்கள் ஏற்கெனவே நான்கு முறை பார்த்துவிட்டீர்கள். எனவே மேடையை ஒட்டிய விலையுயர்ந்த இருக்கை உங்களுக்குத் தேவையில்லை. மாடியின் முன்வரிசையில், கூடியவரை நடுவில் இடம் கிடைக்குமா என்று பாருங்கள். மேடைத் தளம் முழுவதும் ஒரு வரைபடம்போலக் கண்ணுக்குக் கீழே விரியும். பதிவு எதையெல்லாம் காட்டவில்லை என்பது அங்கிருந்துதான் தெரியும்.

கேள்வி: பதிவில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது. நேரில் வேறொரு நாடகம் பார்த்தபோது பல வரிகள் புரியவில்லை. பதிவுகளில் வரும் பாட்டு உண்மையில் மேடையில் பாடியதுதானா, பிறகு சேர்ப்பதா?

பதில்: நீங்கள் கேட்பது பெரும்பாலும் மேடையில் பாடிய குரல்தான், வேறுபாடு அதைக் கலக்கும் முறையில் இருக்கிறது. நடிகரின் நெற்றிமேல், முடி தொடங்கும் இடத்திலோ பொய்முடிக்கு அடியிலோ, மிகச் சிறிய ஒலிவாங்கி மறைந்திருக்கிறது. அரங்கின் பின்பகுதியில் அமர்ந்திருக்கும் ஒலிப் பொறியாளர், யாருடைய வரி வருகிறதோ அவருடைய ஒலிவாங்கியை மட்டும் உயர்த்தி, வரி முடிந்ததும் தாழ்த்துகிறார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் மூச்சும் காலடியும் உடையின் உரசலும் சேர்ந்து சொற்களை மூழ்கடித்துவிடும் என்பதால், நாடகம் முழுவதையும் அவர் வரிவரியாகத் தம் விரல்களால் நடத்திச் செல்கிறார். அவரும் அன்றைய நாடகத்தின் ஒரு கலைஞர் என்றே நான் கருதுகிறேன். பதிவிலோ ஒவ்வொரு குரலும் தனித்தடத்தில் பதிவாகி, பின்னர் பொறுமையாக மறுகலவை செய்யப்படுகிறது. அந்தப் பொறுமைக்கு நேரில் இடமில்லை.

நேரில் மட்டுமே கிடைப்பது ஒன்றும் உண்டு. நடிகர் அடுத்த வரியைத் தொடங்கத் தயாராகும் வரை இசைக்குழு ஒரு சிறு இசைத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காத்திருக்கும்படி பல இசை நாடகங்களில் இடம் விட்டிருப்பார்கள். சிரிப்பு நீண்டால் அந்தச் சுற்றும் நீளும். கைத்தட்டல் விரைவில் ஓய்ந்தால் இசை நடத்துநர் உடனே கையசைத்து அடுத்த பகுதிக்கு நகர்வார். இருட்டில் அமர்ந்திருக்கும் நீங்களும் அந்தத் தாளத்தைத் தீர்மானிக்கிறீர்கள். பதிவில் அந்தக் காத்திருப்பு என்றோ சிரித்த வேறு மனிதர்களுக்காக அளந்தது. வீட்டில் தனியாகப் பார்க்கும்போது அந்த இடங்கள் சற்று வெறுமையாகத் தோன்றுவது அதனால்தான்.

சொற்கள் புரியாமல் போவதைத் தவிர்க்க ஒரே வழி, பாடல்களை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது. 'ஹாமில்டன்' போல 20,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட நாடகத்தை முதல் கேட்பிலேயே முழுதாகப் பிடித்துவிட முடியாது; அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கேள்வி: பதிவுகள் எல்லாம் ஒரே வகைதானா? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ஒரே வகை அல்ல, ஆனால் வெளி உறையைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. 1998-இல் வெளிவந்த 'கேட்ஸ்' பதிவு லண்டனின் அடெல்ஃபி அரங்கில் எடுக்கப்பட்டாலும், கேமராவுக்காகவே, பார்வையாளர் இல்லாமல் நடித்தது. 2010-இல் லண்டனின் ஓ2 அரங்கில் நடந்த 'லே மிசரபிள்' வெள்ளிவிழா நிகழ்வு ஒரு கச்சேரி வடிவம். நடிகர்கள் வேடமணிந்து ஒலிவாங்கிகளின் முன்னால் நின்று பாடுகிறார்கள், இசைக்குழு அவர்களுக்குப் பின்னால் மேடையிலேயே இருக்கிறது. குரல்களுக்காக அதைக் கேட்கலாம். நாடகத்தின் மேடையமைப்பை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. 2011 அக்டோபரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா' முழு நாடகம்தான் என்றாலும், அந்த மாபெரும் மண்டபத்துக்காக மாற்றியமைத்தது. வழக்கமான அரங்கில் பார்வையாளரின் தலைக்குமேல் பாய்ந்து மேடையில் விழும் சரவிளக்கு, அங்கே விழாமல் பொறி தெறித்து நின்றுவிடுகிறது. அந்தப் பதிவை மட்டும் பார்த்தவர், இந்த விளக்கைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தொடங்குவதற்கு நான் சொல்வது 'கம் ஃப்ரம் அவே'. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கேண்டர் என்ற சிற்றூரில் 38 விமானங்கள் இறங்க நேர்ந்ததையும், ஏறத்தாழ 7,000 பயணிகளை அந்த ஊரார் பராமரித்ததையும் சொல்லும் நாடகம் அது. பிராட்வே இன்னும் திறக்காத 2021 மே மாதத்தில், ஜெரால்ட் ஷோன்ஃபெல்ட் அரங்கில், அந்த நாளின் பேரழிவில் தப்பியவர்களும் பெருந்தொற்றின்போது முன்களத்தில் நின்ற பணியாளர்களும் அமர்ந்திருந்த அவையின் முன்னால் அது படமாக்கப்பட்டது. 12 நடிகர்கள், ஒன்றோடொன்று பொருந்தாத சில நாற்காலிகள், இடைவேளை கிடையாது. ஒரு தொப்பியை மாற்றியதும் விமானி ஊர்க்காரியாகிறாள், நாற்காலிகள் வரிசை மாறியதும் விமானம் உணவு விடுதியாகிறது. மேடை சிறிது, அசைவுகள் நுட்பமானவை, முகங்கள்தான் எல்லாம். ஆகவே கேமராவிடம் அது அதிகம் இழப்பதில்லை. பிரம்மாண்டத்தை நம்பியிருக்கும் நாடகங்களைப் பதிவிலும், மனிதர்களை நம்பியிருக்கும் நாடகங்களை நேரிலும் முதலில் பார்க்கிறவர்கள் பலர். வாய்ப்பிருந்தால் அதை மாற்றிச் செய்யுங்கள்.

கேள்வி: இவ்வளவு நல்ல நாடகங்கள் இருக்க, ஏன் சிலவற்றுக்கு மட்டுமே பதிவு வெளியாகிறது?

பதில்: பதிவுகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கின்றன. நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவில், பெட்டி கார்வின் 1970-இல் தொடங்கிய ஒரு காப்பகம், அரை நூற்றாண்டுக்கும் மேலாக மேடை நாடகங்களைப் படமெடுத்துச் சேர்த்து வருகிறது. ஆய்வாளர்களும் மாணவர்களும் நாடகத் துறையினரும் அங்கேயே அமர்ந்து பார்க்கலாம். பிரதி எடுத்துச் செல்ல முடியாது. நடிகர்கள், இசைக் கலைஞர்கள், எழுதியவர்கள், வடிவமைத்தவர்கள் என அனைவரின் உரிமைகளுக்கும் ஊதியத்துக்கும் உடன்பாடு எட்டினால்தான் ஒரு பதிவைப் பொதுமக்களுக்கு வெளியிட முடியும். அந்தச் செலவை ஏற்பவர் எல்லா நாடகத்துக்கும் கிடைப்பதில்லை. பதிவு வந்தால் அரங்கு காலியாகிவிடும் என்ற அச்சமும் தயாரிப்பாளர்களிடம் உண்டு. ஆனால் 'ஹாமில்டன்' பதிவு வெளியான பிறகும் அதே அரங்கில் நாடகம் தொடர்ந்து நடந்தது. பத்தாம் ஆண்டையொட்டி 2025 செப்டம்பரில் அந்தப் பதிவே திரையரங்குகளுக்கும் வந்தது.

கேள்வி: பார்வையாளர் ஒருவர் கைபேசியில் எடுத்த பதிவு எனக்குக் கிடைத்திருக்கிறது. பார்ப்பது தவறா?

பதில்: தவறு என்றே நினைக்கிறேன். மேடையிலிருப்பவருக்கு இருட்டில் ஒளிரும் திரை தெளிவாகத் தெரியும். ஒரு காட்சியின் நடுவில் அவர் கவனம் கலைவதற்கு அது போதும். அவருடைய அனுமதியில்லாமல் எடுத்த ஒன்றை நான் பார்க்க மாட்டேன்.

கேள்வி: என் தந்தைக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது, காது கேட்பது குறைவு, நீண்ட நேரம் பயணம் செய்யவும் இயலாது. வாழ்நாள் முழுவதும் இசை நாடகங்களை நேசித்தவர். அவருக்குப் பதிவைக் காட்டுவது ஆறுதல் பரிசாக ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

பதில்: தயங்காதீர்கள். சில அரங்குகளில் குறிப்பிட்ட நாள்களில் வசனங்களை மேடையோரப் பலகையில் எழுத்தாகக் காட்டுகிறார்கள். லண்டனின் நேஷனல் தியேட்டர், வசனங்கள் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும் மூக்குக்கண்ணாடியை 2018-இல் அறிமுகப்படுத்தியது. என்றாலும் பலகையைப் பார்க்கும் கண் நடிகரைவிட்டு விலகத்தான் வேண்டும். பதிவில் எழுத்து முகத்துக்குக் கீழேயே வருகிறது. உங்கள் தந்தையைப் பொறுத்தவரை, அரங்கின் எந்த இருக்கையும் தராத நெருக்கத்தை அது தரும். சுழல்மேடையும் சரவிளக்கும் பற்றி நான் மேலே எழுதியவை, அங்கே சென்று அமர முடிந்தவர்களுக்காக எழுதியவை.

ஏற்பாடுகளை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கி பெரும்பாலும் குரலையும் வாத்தியத்தையும் குழப்பிவிடும். அவருடைய காதுக்கருவியுடன் இணையும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நல்ல தலையணி ஒலிபெருக்கி ஒன்று போதும். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள், ஆனால் முதல் அங்கம் முடியும் இடத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். 'ஹாமில்டன்' பதிவில் இடைவேளைக்கு ஒரே ஒரு நிமிடம்தான் தருகிறார்கள், அது போதாது. விளக்கைப் போட்டு, கால்மணி நேரம் அவரோடு அமர்ந்து, கண்டதைப் பற்றி அவரைப் பேசவிடுங்கள். தாம் முன்பு நேரில் பார்த்த நாடகங்களைப் பற்றியும் அவர் அப்போது சொல்லக்கூடும். சொன்னால், அதை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.