மகன் கேட்ட ஷிங்கென்

கேள்வி: என் 12 வயது மகனுக்கு ஒரு கணினி விளையாட்டில் டகேடா ஷிங்கென் என்ற ஜப்பானியப் படைத்தலைவர் அறிமுகமானார். அன்றிலிருந்து வீட்டில் அவர் புராணம்தான். நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன், பெற்ற அப்பாவையே நாட்டைவிட்டு விரட்டியவராம். "அவர் நல்லவரா கெட்டவராம்மா?" என்று பையன் கேட்கிறான். என்ன சொல்வது? இப்படிப்பட்டவரை ரசிக்க விடலாமா?

பதில்: தாராளமாக ரசிக்கட்டும் சகோதரி, ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிடாதீர்கள்.

முதலில் ஒரு வரைபடத்தை எடுத்து ஷிங்கெனின் காயி மாகாணம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். இன்றைய யமனாஷி. சுற்றிலும் மலை, கடற்கரையே கிடையாது, உப்புக்குக்கூட அடுத்த நாட்டுக்காரனைத்தான் நம்ப வேண்டும். அவர் வாழ்நாள் முழுக்கப் போட்ட சண்டைகளில் பாதி இந்தப் படத்திலேயே புரிந்துவிடும்.

அப்பா விஷயம் உண்மைதான். 1541-ல், ஷிங்கெனுக்கு 20 வயதுகூட நிரம்பாதபோது, தந்தை நொபுடோரா தன் மருமகன் இமகவா யோஷிமோடோவைப் பார்க்க அவர் ஆண்ட அண்டை மாகாணமான சுருகாவுக்குப் போனார். திரும்பி வர விடாமல் மகன் எல்லையை மூடிவிட்டார். மூத்த தளபதிகளும் மகன் பக்கம் நின்றதால் ரத்தம் சிந்தவில்லை. தந்தை மகனுக்குப் பிறகும் ஒரு வருடம் உயிரோடு இருந்து 1574-ல்தான் இறந்தார். அண்ணன் தம்பி கழுத்தை அறுத்துக்கொண்ட அந்தக் காலத்தில் இதை நான் பெரிய கொடுமையாக நினைக்கவில்லை.

விளையாட்டில் வராத இரண்டு விஷயங்களை அவனிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்று, 1547-ல் அவர் போட்ட சட்டம். நானே இதை மீறினால் உயர்ந்தவர் தாழ்ந்தவர் யாராக இருந்தாலும் முறையிடலாம் என்று அதில் எழுதி வைத்தார். இன்னொன்று வெள்ளம். மிதாய் ஆறு மலையிலிருந்து இறங்கி காமனாஷி ஆற்றில் சேரும் இடத்தில் ஊரையே அடித்துக்கொண்டு போகும். ஆற்றின் போக்கைத் திருப்பிப் பாறையில் மோதவிட்டு வேகத்தைத் தணித்து, கரை கட்டினார்கள். அந்தக் கரைக்கு இன்றும் ஷிங்கென் பெயர்தான்.

போரில் அவருடைய கொடி ரொம்பப் பிரபலம்: காற்றைப் போல் விரைவு, காட்டைப் போல் அமைதி, நெருப்பைப் போல் தாக்குதல், மலையைப் போல் அசையாமை. சீனத்துப் பழைய போர்நூல் ஆசிரியர் சுன் சூவின் வரிகள் அவை. கவனகஜிமாவில் தன் பெரிய எதிரி உயேசுகி கென்ஷினோடு 1553 முதல் 1564 வரை ஐந்து முறை மோதினார். கென்ஷினின் வாள்வீச்சை விசிறியால் தடுத்தார் என்பது பிற்காலத்தில் சொல்லப்படும் கதை, அதைக் கதையாகவே சொல்லுங்கள். 1561 போரில் உடன்பிறந்த தம்பி நொபுஷிகே செத்தது கதையல்ல.

சரி, எனக்கு அவரிடம் மன்னிக்க முடியாதது எது என்று கேட்டால், அப்பா அல்ல, மூத்த மகன் யோஷினோபு. யோஷினோபுவின் மனைவி இமகவா வீட்டுப் பெண். யோஷிமோடோ 1560-ல் போரில் மடிந்து அந்த வீடு பலவீனமானதும், கடலோரத்தில் இருந்த சுருகாவின் மேல் ஷிங்கெனுக்குக் கண் விழுந்தது. தந்தைக்கு எதிராகச் சதி செய்ததாக 1565-ல் மகனை அடைத்து வைத்தார், அவன் 1567-ல் காவலிலேயே இறந்தான், மறுவருடம் படை சுருகாவுக்குள் நுழைந்தது.

1573 தொடக்கத்தில் மிகதகஹாராவில் பின்னாளில் ஜப்பானையே ஆண்ட டொகுகவா இயேயாசுவைத் துரத்தியடித்தவர், சில மாதங்களிலேயே நோயில் போய்விட்டார். வாரிசாக வந்தவர் கட்சுயோரி. ஷிங்கெனுக்கு, அவரே அழித்த சுவா வீட்டுப் பெண்ணிடம் பிறந்த மகன், அந்த வீட்டுப் பெயரோடு வளர்ந்தவர், பழைய தளபதிகள் அவரை முழு மனதோடு ஏற்கவில்லை. 1575-ல் நாகஷினோ போரில் அந்தத் தளபதிகளில் பலர் மடிந்தார்கள், 1582-ல் வம்சமே முடிந்தது. யோஷினோபு இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

அதனால் நல்லவரா கெட்டவரா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அந்த விளையாட்டில் யோஷினோபு வருகிறானா என்று மட்டும் பையனிடம் கேளுங்கள், மீதியை அவனே தேடிக்கொண்டு வருவான்.