திரைந்த தாள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து தோழிகள். வாரம் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு அஞ்சலட்டை அளவில் கொலாஜ் செய்கிறோம். பழைய பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, துணி, நூல், கொஞ்சம் வாட்டர் கலர் என்று கிடைத்ததை எல்லாம் சேர்ப்போம். சென்ற வாரச் சொல் ‘திரை’. விளம்பரங்களில் ஜன்னல் திரைச்சீலைகளாகத் தேடித் தேடி வெட்டினேன். நடுவில் புதுச்சேரி போய்வந்த பஸ் டிக்கெட் ஒன்றை வைத்தேன். மைதா பசை பட்டதும் தாள் முழுக்கச் சுருக்கம். நிமிர்த்தலாம் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தால், டிக்கெட் கறுத்தே போய்விட்டது. என் மகன் பார்த்துவிட்டு, “ஸ்கூல் சார்ட் மாதிரி இருக்கிறதம்மா” என்கிறான். எனக்கும் அப்படித்தான் படுகிறது. யாரோ கொடுத்த சொல்லுக்குப் படம் செய்வதால்தான் கற்பனை வற்றிவிடுகிறதா? எந்தப் பசை நல்லது?

ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் டிக்கெட்டின் கதையை முடித்துவிடுகிறேன். நடத்துநர் கைக்கருவியில் அடித்துத் தரும் டிக்கெட்டில் மை கிடையாது. தாளின் மேல் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது. அந்தக் கறுப்புதான் எழுத்து. நீங்கள் இஸ்திரிப் பெட்டியால் ஒரே எழுத்தாகப் பெரிதாக அச்சடித்துவிட்டீர்கள். சூடு காட்டாமல் வைத்திருந்தாலும் நிலைத்திருக்காது. நானும் இதே கடலூர் டிக்கெட்டை ஓர் அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினேன். ஒரு வருடத்துக்குள் ஊர்ப் பெயரும் கட்டணமும் மறைந்து வெறும் வெள்ளைச் சீட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் அதைப் பார்த்து, “பயணத்தின் நிலையாமையை என்னமாய்ச் சொல்லிவிட்டீர்கள்” என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போதெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து, அதைத்தான் ஒட்டுகிறேன். மையில் அச்சான அந்தக் காலத்து வண்ணச் சீட்டு வீட்டில் இருந்தால் அதை அப்படியே ஒட்டலாம்.

இனி உங்கள் கேள்வி. கொடுத்த சொல்லுக்குச் செய்வது நம் மொழியில் மிகப் பழைய விளையாட்டு. காளமேகப் புலவரிடம், ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடித்து ஒரு வெண்பா பாடு என்றார்களாம். அவர் பெயரில் வழங்கும் அந்தப் பாட்டில் செருப்பும் இல்லை, துடைப்பமும் இல்லை. செருவில், அதாவது போரில், புகுந்த வீரர்களைக் கலக்கும் முருகன் இருக்கிறான்; அவனைத் தழுவும் வழியை விளக்குமாறு ஒரு வண்டிடம் கேட்கிறாள் பெண். கொடுத்த சொல்லை உடைத்துப் பார்த்ததுதான் அங்கே சாமர்த்தியம்.

ஜெர்மனியில் கூர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற கொலாஜ் ஓவியர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஒரு வங்கியின் விளம்பரத் தாளைக் கிழித்து ஒட்டும்போது வணிகம் என்று பொருள்படும் ‘கொமெர்ட்ஸ்’ என்ற சொல்லில் ‘மெர்ட்ஸ்’ மட்டும் மிஞ்சியது. அர்த்தமே இல்லாத அந்தத் துண்டையே 1919-இல் தன் கலைக்குப் பெயராக வைத்துக்கொண்டார். டிராம் டிக்கெட், மிட்டாய் உறை, குப்பையில் கிடந்த சீட்டு எல்லாம் அவர் படங்களில் உண்டு. அவற்றில் பல உங்கள் அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரியவை.

நீங்கள் ‘திரை’ என்றதும் திரைச்சீலையின் படத்தைத் தேடினீர்கள். சார்ட் வாசனை வந்தது அங்கேதான். திரை என்றால் அலை. தேவனாம்பட்டினம் கடற்கரை உங்களுக்குப் பக்கம்தானே? நரை, திரை, மூப்பு என்கிறோமே, அந்தத் திரை தோலில் விழும் சுருக்கம். பால் கெட்டால் திரைந்துபோகிறது. பசை பட்டதும் உங்கள் தாள் செய்ததும் அதுதான். சொல்லுக்கு உரிய படம் தானாக மேஜைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. நீங்கள் அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டீர்கள்!

இன்னொன்று. எல்லாவற்றையும் கத்தரித்திருக்கிறீர்கள். ஒரு வாரம் கத்தரிக்கோலை எடுத்து ஒளித்து வையுங்கள். வழவழப்பான பத்திரிகைத் தாளில் நீல நிறப் பக்கம் ஒன்றை எடுத்து மெதுவாகக் கிழியுங்கள். அச்சு மேல்பரப்பில்தான் இருக்கிறது, உள்ளே தாள் வெள்ளை. ஒரு துண்டின் ஓரத்தில் ஒழுங்கில்லாத வெள்ளைக் கரை தெரியும், மற்றதில் தெரியாது. எதிர்ப்பக்கமாக இழுத்தால் வெள்ளை இடம் மாறும். நீலத்தின் ஓரத்தில் நுரை கிடைத்துவிட்டது. கடற்கரைப் படத்தை எங்கும் தேட வேண்டாம்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் கறாராக இருங்கள். ‘கனவு’, ‘நம்பிக்கை’, ‘பெண்மை’ ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அவை நிலாவையும் அகல்விளக்கையும் சிறகையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிற சொற்கள். ‘ஓரம்’, ‘மடிப்பு’, ‘பாக்கி’ போன்றவை தேவலாம். ‘பாக்கி’ என்ற சொல்லுக்கு, முந்தைய நான்கு அட்டைகளில் வெட்டி எறிந்த துணுக்குகளை மட்டும் வைத்து ஒன்று செய்தேன். நான் செய்தவற்றில் எனக்குக் கொஞ்சமாவது பிடித்தது அது ஒன்றுதான்.

பசைக்கு வருவோம். மெல்லிய தாளுக்கு மைதா பசை, துணிக்கும் நூலுக்கும் ஃபெவிகால். மைதா மெதுவாகக் காய்வதால் தாளை நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஆனால் நம்முடையது கடற்கரை ஊர். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப்பூச்சிக்கு மாவு என்றால் விருந்து. அதற்காகத்தான் புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சும் பசையில் வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள், போதும்.

சுருக்கம் வேண்டாத நாளில் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். ஈரம் பட்டால் தாளின் நார்கள் பருத்துத் தாள் விரியும். பசை தடவியவுடனே ஒட்டினால், ஒட்டிய பிறகு விரிந்து மடிப்பு விழுகிறது. தடவிவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் விட்டு வையுங்கள், விரிவதெல்லாம் விரிந்து தீரட்டும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டி, மேலே ஒரு வெள்ளைத் தாள் போட்டு, கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காய்ந்த பின் அட்டை வளைந்தால் பின்பக்கமும் அதே அளவு தாள் ஒன்றை ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும்.

அடியில் வைக்கும் தாளையும் கவனியுங்கள். செய்தித்தாள் மரக்கூழ், வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும். எங்கள் ஊரில் அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதத் தொழிற்சாலை 1959-இலிருந்து இயங்குகிறது. பருத்தித் துணிக் கழிவில் செய்கிற அந்தத் தாள் பசையை நன்றாகக் குடிக்கும், எளிதில் நொறுங்காது. அடுத்த முறை புதுச்சேரி வரும்போது இரண்டு தாள் வாங்கிப் போங்கள். ஒரு தாளில் பல அட்டைகள் தேறும்.

கறுத்த டிக்கெட் இருக்கும் அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? இந்த வாரத்துச் சொல் என்ன என்றும் நீங்கள் எழுதவில்லை.