தூரத்து மத்தளமும் நம் கூத்துமாடமும்

கேள்வி: கம்பன் பாடல்களைப் பாடித் தோல்பாவைக்கூத்து நடத்தும் எங்கள் குழுவின் மத்தளக்காரர் பொள்ளாச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டார். வீடியோ அழைப்பில் அவர் வாசித்தால் தாளம் பின்தங்குகிறது. இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பெரும்பாலும் ஆகாது, உங்களைத் தொல்லைப்படுத்துவது வேகக் குறைவு அன்று, தாமதம், அதாவது ஒலி மறுமுனைக்குப் போய்ச்சேர ஆகும் நேரம். இணையத்தைச் சுமக்கும் கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்வதால், ஒலி சென்னையைச் சுற்றி வந்தாலும் வழியில் கழிவது சில மில்லிசெகண்டுகளே. மீதி நேரத்தை வைஃபையும், எதிரொலியை நீக்கி ஒலியைச் சுருக்கி அனுப்பும் அழைப்புச் செயலியும் விழுங்குகின்றன. ஒருவர் வாசிப்பது மற்றவர் காதுக்கு 25, 30 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தினால், இருவரும் ஒருவருக்கொருவர் காத்துக் காத்துக் காலப்பிரமாணம் (பாட்டு செல்லும் வேகம்) தளர்ந்துவிடும். ஆகவே இருபுறமும் கேபிள் இணைப்பும் ஹெட்போனும் கொண்டு, இசைஞர்களுக்காகவே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஜாக்டிரிப் மென்பொருளில் ஒலியை மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

எனினும் எனக்குப் பிடித்த வழி வேறு. உங்கள் கூத்தில் பாட்டு முடிந்ததும் அதை விளக்கும் உரை நீள்கிறதல்லவா? பாட்டுக்கு உள்ளூர்த் தாளமே போதும். பொள்ளாச்சி மத்தளம் ஈற்றடிக்கு மறுமொழியாக வரட்டும். அங்கே கால் செகண்டு பிந்தினாலும் குறையாகத் தோன்றாது. 1980இல் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்சிலும் ஆளுயரத் திரைகளைக் கலைஞர்கள் செயற்கைக்கோளால் இணைத்தபோது, வழிப்போக்கர்கள் உரையாடினார்கள். உரையாடல் தாமதத்தைத் தாங்கும், சேர்ந்திசை தாங்காது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: கூத்து நடக்கும் மாடத்தில் திரைக்குப் பின்னே எரியும் 21 விளக்குகளை நீக்கிவிட்டுப் புரொஜெக்டரை வைத்துவிடாதீர்கள். காற்றில் சுடர் சாயும்போது, பாவையின் துளைகள் வழியே விழும் ஒளிப்புள்ளிகளும் திரையில் நடுங்குகின்றன.